குந்தவை பொம்மையை விற்கலாமா? ஒரு ரசிகையின் இணையக் கடைக்கு விரிவான பதில்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் சிங்கப்பூரின் செங்காங்கில் வசிக்கிறார். பகலில் அலுவலகம், இரவில் குரோஷே ஊசி. கே-பாப் என்னும் கொரியப் பாப் இசையின் ரசிகை, பொன்னியின் செல்வன் என்றால் உயிர். பின்னல் பொம்மை (அதில் ஒன்று குந்தவை), போட்டோகார்டு எனப்படும் பாடகர் படம் போட்ட சின்ன அட்டைக்கு உறை, ரெசின் என்னும் பிசினை ஊற்றி உறையவைத்த கீ-செயின் என்று செய்து தோழிகளுக்குக் கொடுத்து வந்தார். இப்போது முன்பின் தெரியாதவர்களும் காசு கொடுத்துக் கேட்கிறார்கள். "இணையத்தில் விற்கலாமா? எதையாவது பதிவு செய்ய வேண்டுமா? என்ன விலை வைப்பது? எங்கே விற்பது? கடைக்கு ஒரு பெயரும் சொல்லுங்களேன்" என்கிறார்.

தாராளமாக விற்கலாம். ஆனால் நீங்கள் கேட்ட வரிசையில் பதில் சொல்லப்போவதில்லை. பதிவு, வரி எல்லாம் ஒரு சனிக்கிழமை மதியம் உட்கார்ந்தால் புரிந்துவிடும். ரசிகர்கள் நடத்தும் கடைகள் மாட்டிக்கொள்வது எதைச் செய்து விற்கிறார்கள் என்பதில்தான். ரசிகையாக இருப்பதால் உங்கள் கையில் இருப்பது வாடிக்கையாளரைப் பற்றிய அறிவு. அவருக்கு என்ன பிடிக்கும், கச்சேரிக்கு எதைத் தூக்கிக்கொண்டு போவார், எதைத் தொலைத்துவிட்டு அழுவார் என்று ஒரு தொழிற்சாலைக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியும். அந்தப் பாடகரின் முகத்தையும் பெயரையும் விற்கும் உரிமை அதோடு சேர்ந்து வருவதில்லை.

"எல்லாரும்தான் விற்கிறார்களே" என்று கேட்பீர்கள். உண்மைதான். அனிமே ஃபெஸ்டிவல் ஆசியா என்னும் ஜப்பானியக் கார்ட்டூன் ரசிகர் விழா 2008 முதல் இங்கே நடக்கிறது. அதன் படைப்பாளர் அரங்கில் மேசைக்கு மேசை பிரபலமான கதாபாத்திரங்களின் ஸ்டிக்கரும் அக்ரிலிக் கீ-செயினும்தான். உரிமையாளர்கள் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை, அவ்வளவுதான். கண்டுகொள்ளாமல் இருப்பதை அனுமதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மனம் மாறினால் ஒரே நாளில் நிறுத்தச் சொல்லலாம். சிங்கப்பூரின் பதிப்புரிமைச் சட்டம் 2021இல் புதிதாக எழுதப்பட்டது. அதில் ரசிகர்களுக்கென்று தனி விலக்கு கிடையாது. வணிகச் சின்னம் என்றால் இன்னும் கடுமை. பதிவு பெற்ற சின்னத்தைப் போலியாகப் போட்ட பொருளை விற்றால், பொருள் ஒன்றுக்கு 10,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை, மொத்தமாக 100,000 வெள்ளி வரை அபராதம், ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் என்று சட்டம் சொல்கிறது. பத்துக் கீ-செயின் விற்றவரை யாரும் சிறைக்கு அனுப்பப்போவதில்லை என்பது வேறு விஷயம். நடைமுறையில் நடப்பது இதுதான்: உரிமையாளர் விற்பனைத் தளத்துக்குப் புகார் எழுதுவார், தளம் உங்கள் பொருளை எடுத்துவிடும், இரண்டு மூன்று முறை ஆனால் கணக்கையே மூடிவிடும். சேர்த்து வைத்த விமர்சனங்களும் பின்தொடர்ந்தவர்களும் அதோடு போய்விடுவார்கள். சின்னக் கடைக்கு உண்மையான இழப்பு அதுதான்.

"இது ரசிகர் படைப்பு, உரிமை அனைத்தும் அவர்களுக்கே" என்று கீழே ஒரு வரி எழுதிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த வரி எதையும் காப்பாற்றாது. மாறாக, உரிமை யாருடையது என்று தெரிந்தே விற்றதாக நீங்களே எழுதிக் கொடுத்தது போல ஆகும். எழுத்தில் அனுமதி தரும் நிறுவனங்களும் இருக்கின்றன. கென்ஷின் இம்பாக்ட் என்னும் கணினி விளையாட்டை நடத்தும் ஹோயோவர்ஸ், ரசிகர்கள் குறைந்த எண்ணிக்கையில் செய்து விற்கும் பொருள்களுக்கென்று விதிமுறைகளை வெளியிட்டிருக்கிறது. உங்கள் அபிமானக் குழுவோ விளையாட்டோ அப்படி ஏதாவது வெளியிட்டிருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்; இருந்தால் எண்ணிக்கை வரம்பை வரிவரியாகப் படியுங்கள்.

சரி, இப்போது உங்கள் குந்தவை பொம்மை. இதை எடுத்துக்கொண்டால் முழு விஷயமும் விளங்கிவிடும். கல்கி 1954 டிசம்பரில் காலமானார். சிங்கப்பூரில் ஓர் எழுத்துப் படைப்புக்குப் பதிப்புரிமை, ஆசிரியர் இறந்த ஆண்டின் முடிவிலிருந்து 70 ஆண்டுகள். அந்தக் கணக்கு 2024 இறுதியோடு தீர்ந்துவிட்டது. தமிழ்நாட்டில் அவருடைய எழுத்துகள் அதற்கு வெகுகாலம் முன்பே நாட்டுடைமை ஆகிவிட்டன. ஆகவே குந்தவை, வந்தியத்தேவன், நந்தினி, பூங்குழலி என்ற பாத்திரங்களும், கல்கியின் வரிகளும், கதையில் வரும் வால்நட்சத்திரமும் கோடிக்கரைப் படகும் நீங்கள் எடுத்தாளக்கூடியவை. சோழர் புலிச் சின்னம் வரலாறு; அது யாருக்கும் தனிச்சொத்து இல்லை.

ஆனால் தொடர் வந்த காலத்தில் மணியம் வரைந்த ஓவியங்கள் வேறு கணக்கு. அவர் மறைந்தது 1968இல். அதே 70 ஆண்டை வைத்துப் பார்த்தால் 2038 இறுதி வரை அவற்றைத் தொடாமல் இருப்பதே பாதுகாப்பு. 2022, 2023ஆம் ஆண்டுகளில் வந்த பொன்னியின் செல்வன் திரைப்படங்களின் உடை, நகை, சிகை, எழுத்து வடிவம், நடிகர்களின் முகம் எல்லாம் தயாரிப்பாளர்களோடும் நடிகர்களோடும் சேர்ந்தவை. ஆங்கில மொழிபெயர்ப்புகளுக்கும் தனி உரிமை உண்டு; புத்தகக் குறியில் ஆங்கில வரி போட ஆசைப்பட்டால் நீங்களே மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள். பொம்மையைப் பார்த்ததும் ஒருவர் "குந்தவையா?" என்று கேட்டால் நல்லது. நடிகையின் பெயரைச் சொல்லிவிட்டால் கொண்டையையும் நகையையும் பிரித்துவிட்டு மறுபடி பின்னுங்கள். சோழர் காலச் செப்புத் திருமேனிகளைப் பார்த்து உங்கள் சொந்தக் குந்தவையைக் கண்டுபிடிப்பது வேலையிலேயே இன்பமான பகுதி. அதை ஏன் சினிமாவுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும்?

நடிகர் முகங்களைப் பற்றி ஒன்று. ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில், அவருடைய பெயரையும் பாணியையும் அனுமதியில்லாமல் ஒரு படத்தில் பயன்படுத்த 2015இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அது இந்தியாவில் நடந்தது, சட்டமும் வேறு. ஆனாலும் தமிழ்ச் சினிமாப் பொருளை வாங்குகிறவர்களில் பலர் அங்கேதான் இருப்பார்கள். சூப்பர் ஸ்டார் கண்ணாடியும் சுருட்டும் போட்ட காந்த வில்லை எவ்வளவு அழகாக வந்தாலும் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

கே-பாப்புக்கு வருவோம். குழுவின் பெயர், சின்னம், உறுப்பினர் படம் மூன்றையும் விட்டுவிட்டால் விற்க என்ன மிச்சம் என்று கேட்காதீர்கள். ரசிகர்கள் யாரை நேசிக்கிறார்கள் என்பதை விட்டுவிட்டு, அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். அட்டை சேர்க்கிறார்கள், மாற்றிக்கொள்கிறார்கள், பையில் தொங்கவிடுகிறார்கள், கச்சேரியில் ஆட்டும் விளக்குக்கோலான லைட்ஸ்டிக்கைக் காலாங் அரங்கு வரை தூக்கிச் செல்கிறார்கள். 2024 மார்ச்சில் டெய்லர் ஸ்விஃப்ட் தேசிய விளையாட்டரங்கில் ஆறு இரவுகள் பாடியபோது ஊரெங்கும் மணி கோத்த கைச்சங்கிலிதான். ரசிகர்கள் அதை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்வது ஒரு வழக்கம். கோப்பதற்கு மணி, எழுத்து, நூல் எல்லாம் அடங்கிய சின்னப் பெட்டியை விற்க யாருடைய பெயரும் தேவையில்லை.

போட்டோகார்டு பெரும்பாலும் 5.5 செ.மீ. அகலம், 8.5 செ.மீ. உயரம். அதைக் கெட்டி பிளாஸ்டிக் உறையில் போட்டால் ஏறக்குறைய 7.6க்கு 10.1. உங்கள் பின்னல் உறை இரண்டில் எதற்கு என்று விற்பனைப் பக்கத்தில் முதல் வரியிலேயே எழுதுங்கள். எழுதாத கடைக்குத்தான் "பொருந்தவில்லை" என்று செய்தி வரும். குரோஷே இழுபடும் என்பதால் உறையின் உள்ளே மெல்லிய துணி தைத்தால் அட்டையின் மூலை மடங்காது. லைட்ஸ்டிக் ஒவ்வொரு குழுவுக்கும் ஒவ்வொரு வடிவம். தலைப்பகுதியின் சுற்றளவை அளந்து அளவுப்படி பை தைத்துக் கொடுப்பவர்கள் குறைவு. ஊதா நிறத்தில் ஒரு பை செய்தால் போதும், எந்தக் குழுவின் ரசிகர் வாங்குவார் என்று உங்களுக்கே தெரியும், பெயர் எழுத வேண்டியதில்லை. அரங்குகள் பையின் அளவுக்கு நிகழ்ச்சிதோறும் கட்டுப்பாடு அறிவிக்கும். பெரிய தோள்பை தைக்கத் தொடங்கும் முன் அந்த அறிவிப்பைப் பாருங்கள்.

நம்மிடம் இன்னொரு வசதி இருக்கிறது. நூலும் மணியும் பீப்பிள்ஸ் பார்க் சென்டரில் கிடைக்கும், துணிக்கு அரபு ஸ்திரீட், ஓவியப் பொருளுக்கு பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். தேக்காவிலும் சிராங்கூன் சாலையிலும் கிடைக்கும் சரிகைக் கரை, குந்தன் கல், சலங்கை மணி இவற்றைக் கே-பாப் பையில் வைத்துத் தைக்க நம்மைப் போன்றவர்களுக்குத்தான் தோன்றும். கருநீலத் துணியில் மெல்லிய சரிகை ஓரம் போட்ட லைட்ஸ்டிக் பையை நான் ஒரு சந்தை மேசையில் வைத்திருந்தேன்; முதலில் கையில் எடுத்துப் பார்த்தவர்களில் பலர் தமிழர்கள்கூட இல்லை.

மூலப்பொருளிலும் உரிமைக் கண்ணிகள் உண்டு. பிரபல கார்ட்டூன் அச்சிட்ட துணியின் ஓரத்தில் சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்று பொடி எழுத்தில் இருக்கும். குரோஷே வடிவத்தை யாரிடமாவது விலைக்கு வாங்கியிருந்தால், செய்து முடித்த பொம்மையை விற்கலாமா என்று அவர் குறிப்பிட்டிருப்பார். அதைப் படித்து, பெயரையும் போட்டுவிடுங்கள். தமிழ் எழுத்துருவுக்குக் கவலை வேண்டாம். கூகுள் எழுத்துரு நூலகத்தில் உள்ள கேட்டமரன், முக்த மலர், நோட்டோ சான்ஸ் தமிழ் போன்றவை திறந்த உரிமத்தில் வருபவை, வணிகத்துக்கும் பயன்படுத்தலாம்.

இனி விலை. இதில் நம் பெண்கள் செய்யும் அநியாயம் தங்களுக்குத் தாங்களே செய்துகொள்வது. நூல் காசை மட்டும் கூட்டி அதன்மேல் மூன்று வெள்ளி வைப்பார்கள். உங்கள் ஒரு மணி நேரத்துக்கு 12 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஒரு போட்டோகார்டு உறைக்கு நூல், கொக்கி, உள் பிளாஸ்டிக், பொதி எல்லாம் சேர்த்து 2 வெள்ளி 80 காசு. செய்ய 40 நிமிடம், அதாவது 8 வெள்ளி. ஆக 10.80. தளக் கட்டணம், கெட்டுப்போனவை, படம் எடுத்துப் பதில் எழுதும் நேரம் ஆகியவற்றுக்கு இடம் விட்டால் 15, 16 வெள்ளிக்குக் கீழே விற்க முடியாது. அந்த விலைக்கு வாங்க ஆளிருக்கிறது. இப்போது அதே கணக்கை ஆறு மணி நேரம் பிடிக்கும் குந்தவைக்குப் போடுங்கள்: உழைப்பு மட்டும் 72 வெள்ளி. 35 வெள்ளிக்குக் கொடுத்தால் ஒவ்வொரு விற்பனையிலும் நீங்கள்தான் பணம் கொடுக்கிறீர்கள். பெரிய பொம்மையை முன்பதிவுக்கு மட்டும் வையுங்கள், பாதிப் பணம் முன்கூட்டி, மாதத்துக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம். கடையை நடத்துவது உறையும் புத்தகக் குறியும்தான். பொம்மை கடையின் முகம்.

கச்சேரியை நம்பிப் பொருள் குவிக்காதீர்கள். நிகழ்ச்சிக்கு மூன்று வாரம் முன்பு தேவை ஏறும், முடிந்த மறுநாள் விழுந்துவிடும். தேதியோ குழுவோ சம்பந்தப்படாத பொருள் என்றால் அடுத்த நிகழ்ச்சிக்கும் ஆகும்.

நம் ஊர்க் காற்றின் ஈரமும் செலவுக் கணக்கில் வர வேண்டும். ஸ்டிக்கர் தாள் சுருளும், தோல் பூசணம் பிடிக்கும், நூல் கண்டில் வாடை ஏறும். மூடி இறுகும் பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் முதல் நாளிலிருந்தே வேண்டும். ரெசின் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன். உறையாத ரெசின் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் ஒவ்வாமை வரும், வந்தால் பிறகு போவது கஷ்டம். நைட்ரைல் கையுறை, ஆவியைத் தடுக்கும் முகக்கவசம், திறந்த ஜன்னல் மூன்றும் இல்லாமல் தொடாதீர்கள். குளிர்சாதனம் போட்டு மூடிய படுக்கையறையில், பக்கத்தில் குழந்தை தூங்கும்போது செய்யும் வேலை அல்ல அது. அப்புறம், சின்ன மணி தைத்த பொம்மையைக் கைக்குழந்தைக்கு என்று யாருக்கும் விற்காதீர்கள், எவ்வளவு கேட்டாலும். உதட்டு பாம், சோப்பு என்று ஆசை போனால் அது சுகாதார அறிவியல் ஆணையத்தின் அழகுசாதன விதிகளுக்குள் வந்துவிடும். இப்போதைக்கு நூலோடு நில்லுங்கள்.

பதிவு விஷயம். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: நீங்கள் எந்த அனுமதி அட்டையில் இங்கே இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. சிங்கப்பூரராகவோ நிரந்தரவாசியாகவோ இருந்தால் இந்தப் பத்தியின் மீதியைத் தாண்டிவிடலாம். வேலை அனுமதியில் இருப்பவர் அனுமதி பெற்ற வேலையைத் தவிர வேறு தொழில் செய்யக் கூடாது. வீட்டிலிருந்து கீ-செயின் விற்பதும் தொழில்தான். டிபென்டன்ட் பாஸில், அதாவது இங்கே வேலை பார்ப்பவரின் குடும்பத்தினருக்கான அட்டையில் இருப்பவர்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து விதி இறுகியிருக்கிறது. சொந்தத் தொழில் நடத்த மனிதவள அமைச்சின் இசைவுக் கடிதம் வேண்டும். அதற்கு உள்ளூர்வாசி ஒருவரைக் குறிப்பிட்ட சம்பளத்தில் வேலைக்கு வைத்திருப்பது போன்ற நிபந்தனைகள் உண்டு. பின்னல் உறை விற்று அது கட்டுப்படியாகாது. "சும்மா இன்ஸ்டாகிராமில்தானே" என்று தோழிகள் சொல்வதை நம்பி அட்டையைப் பணயம் வைக்க வேண்டாம்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இந்த அளவு வேலைக்குத் தனி அனுமதி கேட்க வேண்டியதில்லை. வீட்டிலிருந்து நடத்தும் சிறு தொழிலுக்கான விதிகளுக்குள் இருந்தால் போதும். வீட்டில் வசிப்பவர்கள் மட்டும் வேலை செய்ய வேண்டும், வாசலில் பலகை மாட்டக் கூடாது, அண்டை வீட்டாருக்குத் தொல்லை கூடாது. வாடகை வீடு என்றால் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை. அடையாள அட்டையில் உள்ள உங்கள் முழுப் பெயரிலேயே வியாபாரம் செய்தால், தொழில்களைப் பதியும் அரசு அமைப்பான அக்ராவில் பதிய வேண்டாம். கடைப் பெயர் வைத்தால் பதிய வேண்டும். தனிநபர் வணிகத்துக்குப் பெயர் விண்ணப்பத்துக்கு 15 வெள்ளியும் ஓராண்டுப் பதிவுக்கு 100 வெள்ளியும் ஆகும். அலுவலக வேலை இருப்பதால் உங்கள் பணி ஒப்பந்தத்தில் வெளிவேலை பற்றி என்ன இருக்கிறது என்றும் பார்த்துவிடுங்கள். சில இடங்களில் முன்கூட்டிச் சொன்னாலே போதும், சொல்லாமல் இருந்தால்தான் சிக்கல்.

வரியில், லாபத்துக்காகத் தொடர்ந்து விற்றால் அது வருமானம். ஆண்டுதோறும் வருமான வரிப் படிவத்தில் காட்ட வேண்டும், ரசீதுகளை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும். செலவு போக நிகர வருமானம் ஆண்டுக்கு 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் என்னும் மருத்துவச் சேமிப்புக் கணக்குக்கும் கட்ட வேண்டிவரும். பொருள் சேவை வரிக்குப் பதிவது ஆண்டு விற்பனை பத்து லட்சம் வெள்ளியைத் தாண்டும்போதுதான். அந்தக் கவலை வரும் நாளில் எனக்கு விருந்து வையுங்கள்.

விற்கும் இடத்தைப் பொறுத்தவரை, முதல் ஆண்டுக்கு இன்ஸ்டாகிராமும் கரோசெல் என்னும் விற்பனைச் செயலியும் போதும். ஷாப்பி என்னும் பெரிய இணையச் சந்தையில் தொழிற்சாலைப் பொருளோடு விலையில் மோத வேண்டியிருக்கும். கைவினைப் பொருள்களுக்கான எட்சி தளம் வெளிநாட்டுக்கு நல்லது. ஒரு பொருளைப் பட்டியலிட 0.20 அமெரிக்க டாலர், விற்றால் 6.5 விழுக்காடு, அதற்கு மேல் பணப் பரிமாற்றக் கட்டணம் வேறு. அமெரிக்காவுக்கு அனுப்பும்போது ஒன்றை மறக்காதீர்கள். 800 டாலர் வரை தீர்வை இல்லை என்ற சலுகை 2025 ஆகஸ்ட் 29 முதல் கிடையாது. இது தெரியாமல் வாங்குபவர் கோபப்படுவது உங்களிடம்தான். உள்ளூரில் வங்கிக்கு உடனே பணம் அனுப்பும் பேநவ் சுலபம், ஆனால் பணம் அனுப்பியதாகக் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் பொருளைக் கொடுக்காதீர்கள்; வங்கிச் செயலியில் வந்து சேர்ந்ததா என்று பாருங்கள். எம்ஆர்டி ரயில் நிலையத்தில் கைமாற்றுவதென்றால் வாரத்தில் இரண்டு மாலை, ஒரே நிலையம் என்று முடிவு செய்து அறிவித்துவிடுங்கள். இல்லையென்றால் ஒருவருக்கு ஜூரோங், இன்னொருவருக்குப் பாசிர் ரிஸ் என்று 15 வெள்ளி உறைக்காக ஊர் சுற்றிக்கொண்டிருப்பீர்கள்.

கடைசியாகப் பெயர். நான் சொல்லப்போவதில்லை, நீங்கள்தான் வைக்க வேண்டும். குழுவின் பெயரும் ரசிகர் கூட்டத்தின் பெயரும் அதில் எந்த வடிவிலும் வேண்டாம். நாளைக்கு உங்கள் ரசனை மாறினாலும் அந்தப் பெயர் உங்களைக் கட்டிப்போடும். கூரியர்க்காரரிடம் தொலைபேசியில் ஒரே முறை சொல்லிப் புரிய வேண்டும், ஆங்கிலத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதக்கூடிய ழகரப் பெயர்களைத் தவிருங்கள். பூங்குழலி ஆசையை விட்டுவிடச் சொல்வது கொடுமைதான், தெரிகிறது. அவரைப் பொம்மைக்கு வைத்துக்கொள்ளுங்கள். தேர்ந்தெடுத்த பெயரை அக்ராவின் இணையத்தளமான பிஸ்ஃபைலிலும், அறிவுசார் சொத்து அலுவலகத்தின் வணிகச் சின்னத் தேடலிலும், இன்ஸ்டாகிராமிலும் ஒருமுறை தேடிப் பாருங்கள். தேட மூன்றுமே இலவசம். மூன்றிலும் காலியாக இருந்தால் அன்றைக்கே கணக்கைத் திறந்துவிடுங்கள். அக்ராவில் பதிந்த பிறகு அந்தப் பெயரில் முதல் விற்பனை.